குட்ஃப்ராய்ண்டின் வெண்கல உருவங்கள்: பட்டியலில் உள்ள ஆண்டும் வார்ப்பின் வயதும்

செக் சிற்பி ஓட்டோ குட்ஃப்ராய்ண்டின் “செல்லோ வாசிப்பவர்” என்ற வெண்கல உருவம் ஓர் ஏலப் பட்டியலில் வந்திருப்பதாகவும், அதன் கீழே 1912–13 என்ற ஆண்டும் 4/8 (எட்டு வார்ப்புகளில் நான்காவது) என்ற எண்ணும் அச்சாகியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நூறாண்டு கடந்த வார்ப்பு என்று நம்பி விலை கேட்கலாமா, அல்லது இது போலியா என்பது உங்கள் கேள்வி. பெரும்பாலும் இரண்டும் இல்லை. பட்டியலில் உள்ள ஆண்டு, சிற்பி களிமண்ணில் உருவத்தைப் பிடித்த ஆண்டு. வெண்கலம் ஊற்றப்பட்ட ஆண்டு அன்று. குட்ஃப்ராய்ண்ட் 1927ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டார். இன்று சந்தையில் புழங்கும் அவருடைய கியூபிச (உருவத்தைக் கோணத் தளங்களாக உடைத்துக் காட்டும் பாணி) வெண்கலங்களில் பெரும்பாலானவை, அவர் விட்டுச்சென்ற பிளாஸ்டர் மாதிரிகளிலிருந்து பிற்காலத்தில் எடுக்கப்பட்டவை. ஆகவே “அசலா, போலியா” என்ற கேள்வியை ஒதுக்கிவைத்து, எப்போது வார்த்தது, யார் அனுமதியில் வார்த்தது, எந்த மாதிரியிலிருந்து வார்த்தது என்ற மூன்றையும் கேட்பதே சேகரிப்பாளருக்குப் பயன்படும். நூறு மடங்கு விலை வித்தியாசம்கூட இந்த மூன்று விடைகளைப் பொறுத்து வரலாம்.

அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் ஏன் இப்படி என்பது விளங்கும். 1889இல் கிழக்கு பொஹீமியாவின் த்வூர் க்ராலோவே ஊரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். முதலில் பெகினியே ஊரின் மட்பாண்டக் கலைப் பள்ளியிலும், பிறகு பிராக் நகரின் பயன்பாட்டுக் கலைப் பள்ளியிலும் படித்தார். 1909இல் மானெஸ் கலைஞர் சங்கம் பிராகில் நடத்திய பிரெஞ்சுச் சிற்பி அந்துவான் பூர்தெலின் கண்காட்சி அவரை அசைத்துவிட்டது. அதே ஆண்டு பாரிசுக்குப் போய் பூர்தெலிடமே மாணவராகச் சேர்ந்தார். ரோடானின் சிற்பங்களை அங்கே நேரில் பார்த்தார். ஆக, களிமண்ணைத் தொட்டுப் பழகிய கை அவருடையது. மண்ணில் பிடித்து, அதை பிளாஸ்டரில் எடுத்து வைத்துக்கொள்வதே அவருடைய வேலைமுறை. வெண்கலம் ஊற்றுவதற்குப் பணம் வேண்டும், வாங்குபவர் வேண்டும். 1911 முதல் 1914 வரை அவர் செய்தவற்றை வாங்கும் ஆட்கள் பிராகில் மிகக் குறைவு.

அந்த மூன்றாண்டுகளில்தான் அவருடைய பெயர் நிலைத்த படைப்புகள் பிறந்தன. 1911இல் நுண்கலைஞர் குழு என்ற புதிய அமைப்பில் சேர்ந்த கையோடு “பதற்றம்” என்ற உருவத்தைச் செய்தார். 148 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண். துணியைத் தன்மேல் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, கைகளை மார்போடு ஒடுக்கி, தன்னைத்தானே பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அருகில் நின்று பார்த்தால் துணிமடிப்பு எங்கே முடிகிறது, உடல் எங்கே தொடங்குகிறது என்பதைப் பிரிக்க முடியாது. மடிப்புகள் யாவும் மென்மையாக வழியாமல், வெட்டிய பாறையின் முகங்களைப் போல ஒன்றையொன்று மோதி முறிகின்றன. அவற்றுக்கிடையே உள்ள பள்ளங்களில் நிழல் தேங்குகிறது. முகத்தின் பாவனையை நம்பாமல், தளங்களின் மோதலாலேயே அச்சத்தைச் சொல்லிவிட்டார். இதையடுத்து டான் குயிக்சாட்டின் தலை, ஹாம்லெட், “விகி” என்ற பெண் தலை, நீங்கள் குறிப்பிடும் செல்லோ வாசிப்பவர், தழுவி நிற்கும் இருவர், 1913–14இல் கியூபிச மார்பளவுச் சிற்பம் என்று வரிசையாக வந்தன. செல்லோ வாசிப்பவரில் மனித உடலும் வாத்தியமும் தனித்தனிப் பொருள்களாக இல்லாமல் ஒரே தளக்கோவையாகிவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். சிற்பம் என்பது கனமான திரள் அன்று, கண் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகரும் தளங்களின் தொடர் என்று அவர் அந்தக் குழுவின் இதழில் கட்டுரையாகவே எழுதினார். இந்தக் கொள்கையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வார்ப்பைச் சோதிக்கும்போது இதுதான் முதல் கருவி.

பிறகு முதல் உலகப் போர். 1914இல் பாரிசில் இருந்தவர், பிரெஞ்சு அயல்நாட்டுப் படையின் செக் தன்னார்வலர் பிரிவில் சேர்ந்து முன்னணியில் சண்டையிட்டார். படைவாழ்வின் நிலைமைகளை எதிர்த்ததற்காக 1916 முதல் தென் பிரான்சின் ஒரு முகாமில் அடைத்துவைக்கப்பட்டார். அங்கே கிடைத்த மரத்துண்டுகளைப் பொருத்தி “அமர்ந்த பெண்” என்ற சிற்பத்தைச் செய்தார். 1920இல் நாடு திரும்பியபோது செக்கோஸ்லொவாக்கியா என்ற புதுக் குடியரசு பிறந்திருந்தது. அவரும் கியூபிசத்தை விட்டு, அன்றாட மனிதர்களை எளிய உருட்சியான வடிவில் காட்டும் வேறொரு சிற்பியாக மாறியிருந்தார். பிராகில் யோசெஃப் கோச்சார் கட்டிய லெஜியோ வங்கியின் முகப்பில் ஓடும் “படைவீரர் திரும்புதல்” என்ற புடைப்புச் சிற்ப வரிசை அவருடையது. ரதிபோர்ஷிட்சே பள்ளத்தாக்கில் பாட்டியும் பேரக்குழந்தைகளும் நிற்கும் கற்சிலையும் அவருடையதே. 1926இல் பயன்பாட்டுக் கலைப் பள்ளியில் பேராசிரியரானார். அடுத்த ஆண்டு ஜூன் 2 அன்று வல்தாவா ஆற்றில் குளிக்கும்போது மூழ்கி இறந்தார். வயது 37.

இப்படித் திடீரென்று போனவரின் பட்டறையில் மிஞ்சியவை பிளாஸ்டர் உருவங்களே. பிளாஸ்டர் உடையும், ஈரத்தில் பொடியும், விளிம்பு தேயும். ஆகவே பிற்காலத்தில் அவற்றை வெண்கலமாக்கியது ஒரு வகையில் காப்பாற்றும் பணியும்கூட. நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் யூதராகவும் நவீனராகவும் இருந்த அவருக்கு இடமில்லை. 1948க்குப் பிறகு வந்த கம்யூனிச ஆட்சிக்கோ, உழைக்கும் மக்களைக் காட்டிய பிற்காலப் படைப்புகள் உவப்பானவை, கியூபிசம் உவப்பானதன்று. 1960களில் இறுக்கம் தளர்ந்த பிறகுதான் ஆரம்பகாலப் படைப்புகளுக்கு உள்நாட்டில் உரிய மதிப்பு திரும்பியது. இன்று பிராக் தேசியக் கலைக்கூடத்திலும், யான், மேதா ம்லாதெக் தம்பதியின் சேகரிப்பைக் கொண்ட காம்பா அருங்காட்சியகத்திலும் அவருடைய வெண்கலங்களைக் காணலாம். வாங்க நினைப்பவர் எவரும் இந்த இரண்டு இடங்களிலும் சிற்பங்களைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுத்தான் ஏலத்தில் கையுயர்த்த வேண்டும் என்பது என் கருத்து.

ஒரே உருவத்துக்கு எப்படிப் பல வார்ப்புகள் என்ற உங்கள் துணைக்கேள்விக்கு வருகிறேன். நம் சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் நேரடியாக உருவம் பிடிக்கிறார்கள். மெழுகு உருகி ஓடியபின் உலோகம் ஊற்றி, மண் அச்சையும் உடைத்துவிடுவதால் ஒவ்வொரு விக்கிரகமும் தனி. ஐரோப்பியச் சிற்பியின் நடைமுறையில் பிளாஸ்டர் உருவம் பத்திரமாக இருக்க, அதன்மேல் துண்டுதுண்டாகப் பிரிக்கக்கூடிய அச்சு எடுக்கிறார்கள். அந்த அச்சுக்குள் மெழுகைத் தடவி, சில மில்லிமீட்டர் கனமுள்ள பொள்ளலான மெழுகுப் பிரதி ஒன்றை எடுத்து, அதைத்தான் வெண்கலமாக மாற்றுகிறார்கள். மெழுகு அழிந்தாலும் அச்சு மிஞ்சும். மீண்டும் ஒரு பிரதி எடுக்கலாம். மணல் அச்சில் ஊற்றும் முறையிலும் பிளாஸ்டர் மாதிரி மிஞ்சிவிடும். ஆகவே எத்தனை வார்ப்பது என்பது தொழில்நுட்பம் விதிக்கும் வரம்பன்று. சிற்பியோ வாரிசுகளோ தாங்களாகப் போட்டுக்கொள்ளும் வரம்பு.

அந்த வரம்புக்கு எட்டு என்ற எண் எங்கிருந்து வந்தது? பிரான்சில் வேரூன்றிய வழக்கம் எட்டு எண்ணிட்ட வார்ப்புகள், அவற்றோடு கலைஞருக்கான நான்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் மதிப்புக்கூட்டு வரி விதியும், கலைஞரோ அவருடைய உரிமை வாரிசுகளோ மேற்பார்வையிட்ட எட்டு வார்ப்புகள் வரைதான் கலைப்படைப்பு என்று ஏற்கிறது. 1912இல் பிராகில் எந்தச் சிற்பியும் தன் வெண்கலத்தில் 4/8 என்று பொறித்துக்கொண்டிருக்கவில்லை. இப்படிப் பின்னமாக எண்ணிடுவது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவிய பழக்கம். உங்கள் பட்டியலில் உள்ள எண், வார்ப்பு பிற்காலத்தது என்பதற்கான சான்றை ஏல நிறுவனமே கையில் கொடுத்துவிட்டதற்குச் சமம். அதனால் அது கெட்ட வார்ப்பு ஆகிவிடாது. ஒழுங்காக எண்ணிட்டு, எப்போது, எந்தப் பட்டறையில் என்ற ஆவணத்தோடு வரும் மறைவுக்குப் பிந்திய வார்ப்பு நேர்மையான பொருள். எண்ணும் இல்லாமல் ஆவணமும் இல்லாமல் வருவதைவிட அது எவ்வளவோ மேல்.

பிளாஸ்டரை யார் வார்த்தார்கள் என்ற குழப்பம் செக் சிற்பிக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிடாதீர்கள். கலை வரலாற்றறிஞர் வின்ட்சென்ஸ் கிராமார்ஷ் 1911இல் பாரிசின் கலை வணிகர் வொலாரிடம் வாங்கி பிராகுக்குக் கொண்டுவந்த பிக்காசோவின் 1909ஆம் ஆண்டுப் பெண் தலை, செக் கியூபிசச் சிற்பத்துக்கு ஒரு தூண்டுகோலாக இருந்தது. இன்று தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. வொலார் அந்தத் தலையை எண்ணிடாமலே தேவைக்கேற்ப வார்த்து விற்றார். 1960 வாக்கில் வணிகர் ஹைன்ஸ் பெர்க்ருயன், பிக்காசோவின் சம்மதத்தோடு ஒன்பது எண்ணிட்ட வார்ப்புகளை வெளியிட்டார். இரண்டும் பிக்காசோதான், ஆனால் சந்தை இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. குட்ஃப்ராய்ண்ட் விஷயத்தில், சம்மதம் சொல்ல அவர் இல்லை என்பது கூடுதல் சிக்கல்.

இன்னொரு சிக்கல் சட்டத்தில் இருக்கிறது. படைத்தவர் இறந்து 70 ஆண்டுகள் என்ற கணக்கைப் பிடித்தாலும், குட்ஃப்ராய்ண்டின் பதிப்புரிமை 1997 முடிவோடு தீர்ந்துவிட்டது. அதன்பின் அவருடைய உருவத்தை யாரும் பிரதியெடுக்கலாம். அதை அசல் பதிப்பு என்று சொல்லி விற்றால்தான் குற்றம். ஆகவே அழகாக வார்த்த, யாரையும் ஏமாற்றும் நோக்கமின்றிச் செய்த அலங்காரப் பிரதிகள் இரண்டாம் கை மூன்றாம் கை மாறும்போது மெல்ல மெல்ல “பழைய வார்ப்பு” ஆகிவிடும் அபாயம் உண்டு. ஏமாற்றுபவன் முதலில் விற்றவனாக இருக்க வேண்டும் என்பதில்லை.

இனி கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை. முதல் வேலை அளப்பது. உருகிய வெண்கலம் குளிரும்போது ஏறத்தாழ 1.5 முதல் 2 விழுக்காடு சுருங்கும். பிளாஸ்டரிலிருந்து முறையாக எடுத்த வார்ப்பே பிளாஸ்டரைவிடச் சற்றுச் சிறியது. யாராவது அந்த வெண்கலத்தின்மேலேயே அச்செடுத்து மறுபடி வார்த்தால் இன்னொரு முறை சுருங்கும். அரை மீட்டர் உயர உருவத்தில் இது ஒரு சென்டிமீட்டரை நெருங்கும் வேறுபாடு; உள்ளங்கையளவுப் பொருளில் தெரியாமல் போகலாம், இந்த அளவில் தப்பாது. பீடத்தைச் சேர்த்து அளப்பதில்தான் தவறு வரும்; ஆகவே இரண்டு நிலையான புள்ளிகளுக்கு இடையே, உதாரணமாக வாத்தியத்தின் ஒரு முனையிலிருந்து தலையின் உச்சிவரை, மில்லிமீட்டர் கணக்கில் அளவு கேளுங்கள். அருங்காட்சியக வார்ப்பின் அதே அளவோடு ஒப்பிடுங்கள்.

அடுத்தது விளிம்பு. இங்கேதான் கியூபிசச் சிற்பம் வாங்குபவருக்கு உதவுகிறது. ரோடானின் மேற்பரப்பில் மெழுகு கொஞ்சம் வழிந்திருந்தாலும் அது சிற்பியின் விரலா வார்ப்பவனின் சோம்பலா என்று வாதிடலாம். குட்ஃப்ராய்ண்டிடம் அந்த வாதத்துக்கு இடமில்லை. இரண்டு தளங்கள் சந்திக்கும் கோடு கூராக இருக்க வேண்டும். வார்ப்பிலிருந்து வார்ப்பெடுத்தால் அந்தக் கோடுதான் முதலில் மழுங்கும். பக்கவாட்டிலிருந்து சாய்வாக ஒரு விளக்கை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நல்ல வார்ப்பில் வெளிச்சமும் நிழலும் ஒரு கோட்டில் வெட்டிக்கொள்ளும். மறுவார்ப்பில் அந்தக் கோடு பட்டையாக அகன்று, சாம்பல் நிறத்தில் கலங்கிக் கிடக்கும். மழுங்கியதை மறைக்க அரத்தால் ராவி மீண்டும் கூராக்கியிருந்தால், விளிம்பு இயந்திரத்தனமாக நேராக ஓடும். களிமண்ணில் கத்தியால் வெட்டிய விளிம்பில் எப்போதும் ஒரு சிறு தளர்ச்சி இருக்கும்.

பீடத்தைக் கழற்ற அனுமதித்தால் உட்புறத்தைப் பாருங்கள். மணல் வார்ப்பின் உட்பக்கம் பொதுவாகச் சொரசொரப்பாக இருக்கும். மெழுகு வார்ப்பில் மெழுகைத் தடவிய தூரிகைக் கீற்றுகளும் வழிந்த சொட்டுகளும் அப்படியே உலோகமாகியிருக்கும். உட்கருவைத் தாங்கிய ஆணிகளின் தடம் தெரியும். கையொப்பத்தை மட்டும் நம்பாதீர்கள். பிளாஸ்டரில் இருந்த கையெழுத்து எத்தனை வார்ப்பெடுத்தாலும் கூடவே வரும். மாறாக, குளிர்ந்த உலோகத்தில் உளியால் கீறிய கையெழுத்து, இறந்தவரின் வார்ப்பில் இருந்தால் அதை இட்டது யார் என்று கேட்க வேண்டியிருக்கும். உலோகக் கலவையை ஊடுகதிர்க் கருவியால் சோதிக்கும் வசதி இப்போது பெரிய ஏல நகரங்களில் கிடைக்கிறது. செம்போடு வெள்ளீயம், துத்தநாகம், ஈயம் கலந்த பழைய பாணிக் கலவை எதையும் உறுதிசெய்யாது, ஏனெனில் அது இன்றும் புழங்குகிறது. ஆனால் சிலிக்கான் சேர்ந்த கலவை 1920களுக்குப் பிறகே வந்தது என்பதால், அது தென்பட்டால் போருக்கு முந்தைய வார்ப்பு என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

மேற்பரப்பின் நிறத்தைப் பற்றி என் விருப்பு வெறுப்பைச் சொல்லிவிடுகிறேன். வார்ப்பட்டறையில் உலோகத்தைச் சூடாக்கி உப்புக் கரைசல்களைத் தூரிகையால் பூசி நிறமேற்றுகிறார்கள்: இரும்பு நைட்ரேட் செம்பழுப்பைத் தரும், செம்பு நைட்ரேட் பச்சையைத் தரும், கந்தகச் சேர்மங்கள் கரும்பழுப்பைத் தரும். குட்ஃப்ராய்ண்ட் வெண்ணிறப் பிளாஸ்டரில் பார்த்துப் பார்த்துச் செய்த தளங்களுக்கு மங்கலான கரும்பழுப்பே பொருந்துகிறது. பளபளவென்று மெழுகு தேய்த்த வார்ப்பில் ஒவ்வொரு தளத்திலும் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னுகிறது. கண் தளங்களின் வழியே நகராமல் அந்த மின்னல்களில் மாட்டிக்கொள்கிறது. கடலோர நகரில் வீடு என்றால் வெளிறிய பச்சைப் பொடியாக உதிரும் களிம்பு எங்காவது இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது அழகுக்கான பச்சையன்று, குளோரைடு அரிப்பு. காற்றின் ஈரப்பதத்தைக் குறைக்காமல் அதை நிறுத்த முடியாது.

அவருடைய 1920களின் உருவங்கள் வெண்கலத்தில் வந்தால் நான் தயங்குவேன். அவற்றில் பல வண்ணம் பூசிய சுடுமண்ணாகவும் மரமாகவும் பிளாஸ்டராகவும் இருந்தவை. அந்தத் தொழிலாளர்களுக்கும் வணிகர்களுக்கும் நிறம்தான் உயிர். வெண்கலமாக்கும்போது வடிவம் மிஞ்சும், வேடிக்கை போய்விடும். கியூபிச உருவங்களுக்கு இந்தக் குறை இல்லை, ஆகையால் நீங்கள் தேர்ந்தெடுத்த படைப்பு சரியானதே.

உடைமை வரலாறு அலட்சியப்படுத்தக்கூடாத பகுதி. பிராகின் யூதக் குடும்பங்கள் வைத்திருந்த கலைப்பொருள்கள் 1939க்கும் 1945க்கும் இடையே பறிக்கப்பட்டன. அவற்றைத் திருப்பித் தருவது பற்றி 1998இல் வாஷிங்டன் கொள்கைகளும் 2009இல் தெரெசீன் பிரகடனமும் வந்தன. மறைவுக்குப் பிந்திய, 1960களுக்குப் பிறகான வார்ப்புக்கு இந்தச் சிக்கல் இராது என்பது அதன் ஒரு வசதி. பழைய வார்ப்பு என்று சொல்லி விற்றால் அந்த ஆண்டுகளில் அது யார் வீட்டில் இருந்தது என்ற விவரமும் வேண்டும். செக் நாட்டிலிருந்து பண்பாட்டு மதிப்புள்ள பொருளை வெளியே கொண்டுபோவதற்கு 1994ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. அதோடு 50 ஆண்டுக்கு மேற்பட்ட, 50,000 யூரோவைத் தாண்டும் சிற்பத்தை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே அனுப்ப ஏற்றுமதி உரிமமும் தேவை. ஒரு விற்பனையாளர் பொருளை “1912” என்று விற்றுவிட்டு, உரிமம் கேட்கும்போது “வார்ப்பு அண்மைக்காலத்தது, உரிமம் தேவையில்லை” என்று சொன்னால், அவருக்கு உண்மை முன்பே தெரியும் என்று பொருள்.

குட்ஃப்ராய்ண்டுக்கு மாற்று தேடினால் யான் ஷ்டுர்சா (1880–1925) மென்மையான உடலழகில் வல்லவர். ஆனால் அவரும் பழையவர், இதே ஆவணச் சிக்கல்கள் அவருக்கும் உண்டு. ஓல்பிராம் ஸௌபெக் (1926–2017) நம் காலத்தவர். பிராகின் பெட்ரீன் குன்றின் அடிவாரத்தில் படிப்படியாகச் சிதைந்துபோகும் மனிதர்களாக நிற்கும், கம்யூனிச ஆட்சியில் பலியானோருக்கான 2002ஆம் ஆண்டு நினைவுச்சின்னத்தின் வெண்கல உருவங்கள் அவருடையவை; 1969இல் தீக்குளித்து இறந்த மாணவர் யான் பாலாக்கின் முகவார்ப்பை எடுத்தவரும் அவரே. நெடிது ஒல்லியான, ஆங்காங்கே பொன்முலாம் பூசிய அவருடைய சிறு உருவங்கள் சேகரிப்பாளரிடையே பெயர் பெற்றவை. பதிப்புரிமை இன்னும் உயிரோடு இருப்பதாலும், நீண்ட ஆயுளில் தாமே வார்ப்புகளைக் கவனித்ததாலும், முதல்முறை வாங்குபவருக்கு இவரே பாதுகாப்பானவர் என்று சொல்வேன்.

செல்லோ வாசிப்பவரையே வாங்குவது என்று முடிவெடுத்தால், ஏல நிறுவனத்துக்கு எழுத்தில் ஐந்து கேள்விகளை அனுப்புங்கள். வார்ப்பின் ஆண்டும் பட்டறையும் எவை. 4/8இல் உள்ள எட்டையும் வார்க்க அனுமதித்தவர் யார். மற்ற ஏழில் அருங்காட்சியகத்தில் இருப்பது எது. வார்ப்பு பிளாஸ்டரிலிருந்து எடுத்ததா, வேறு வெண்கலத்திலிருந்தா. பிராக் தேசியக் கலைக்கூடம் 1995இல் நடத்திய பெரும் மீள்பார்வைக் கண்காட்சியின் ஆய்வுப் பட்டியல் நூலில் உள்ள விவரங்களோடு அளவும் கையொப்பமும் ஒத்துப்போகின்றனவா. நல்ல நிறுவனம் இரண்டொரு வாரத்தில் விடை தரும், பட்டியலில் “மறைவுக்குப் பிந்திய வார்ப்பு” என்ற திருத்தத்தையும் சேர்க்கும். விடைகள் திருப்தியாக இருந்தால், அதே காலத்து மற்ற எண்ணிட்ட வார்ப்புகள் போன விலையை வரம்பாக வைத்துக் கேளுங்கள். சிற்பி உயிரோடிருந்தபோதைய வார்ப்பின் விலையை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை.